போக்குவரத்துக்கு ‘ரத்து’ டேக் ஏன் விழுகிறது? குறுஞ்செய்தி டேகிங் கோளாறுகள், அறிகுறி வாரியாக

‘போக்குவரத்து நெரிசல், வர அரை மணி நேரம் தாமதமாகும்’ என்று ஒரு மெசேஜ். மெசேஜ் எதைப் பற்றியது என்று காட்ட மென்பொருள் அதற்குப் போட்ட டேக், அதாவது அடையாளச் சொல்: ரத்து. அனுப்பியவர் எதையும் ரத்து செய்யவில்லை. ‘போக்குவரத்து’ என்ற சொல்லின் வாலைப் பாருங்கள், ரத்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

குறுஞ்செய்திகளுக்குத் தானாக டேக் போடும் மென்பொருளைப் பராமரிப்பது என் அன்றாட வேலை. வருகிற கோளாறுகள் பெரும்பாலும் பழைய கோளாறுகள்தான், வேடம் மட்டும் மாறும். மாடல், அதாவது உதாரணங்களைக் காட்டிப் பழக்கிய நிரல், சரியில்லை என்று வேறு மாடல் போட்டு, அதுவும் சரியில்லை என்று இன்னொன்று போட்டு, கடைசியில் பார்த்தால் எழுத்துக் குறியீட்டில் கோளாறு. இப்படி நான் அலைந்தது ஒருமுறை அல்ல. அதனால் இப்போதெல்லாம் மாடலை கடைசியில்தான் தொடுகிறேன். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான்: ஒவ்வொரு அறிகுறிக்கும் சும்மா பார்த்தாலே தெரிகிற காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

தப்பாக டேக் விழுந்த மெசேஜ்களில் ஐம்பதை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி அச்சடிக்கச் சொல்லுங்கள்: வந்தபடியே மூல மெசேஜ், சுத்தம் செய்த பிறகு, சொற்களாகப் பிரித்த பிறகு, கடைசியில் விழுந்த டேக். எந்த வரியில் மெசேஜ் கெடுகிறதோ அங்கேதான் கோளாறு. இந்த நான்கு வரியைப் பார்க்காமல் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம். பாதி நேரம் இரண்டாவது வரியிலேயே விஷயம் முடிந்துவிடும்.

## அறிகுறி 1: டேக்கே விழவில்லை

### எந்தத் தமிழ் மெசேஜுக்கும் விழவில்லை

மூல மெசேஜின் வரியைப் பாருங்கள். வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தால் மெசேஜ் உங்களிடம் வரும் முன்பே செத்துவிட்டது. வழியில் ஏதோ ஒரு இடம், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடைத் தாங்கவில்லை. அதை மீட்க முடியாது. மெசேஜை வாங்கித் தரும் கேட்வேயின் அமைப்பில் யூனிகோட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்வே ஆட்களைக் கூப்பிடுங்கள். உங்கள் பக்கம் செய்ய ஒன்றும் இல்லை.

கேள்விக்குறிக்குப் பதில், தலையில் கோடு போட்ட சின்ன ‘ஏ’வும் அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வந்தால் நல்ல செய்தி. தமிழ் எழுத்துகள் பத்திரமாக உள்ளன, திறந்த விதம்தான் தப்பு. யூடிஎஃப்-8ல், அதாவது யூனிகோடை பைட்டுகளாகச் சேமிக்கும் முறையில், வந்ததை யாரோ பழைய லத்தீன் குறியீடாக நினைத்துப் படித்திருக்கிறார்கள். கோப்பைத் திறக்கும் இடத்திலும் தரவுத்தள இணைப்பிலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

### பட்டியலின் முதல் சொல்லுக்கு மட்டும் விழவில்லை

இதை முதல் தடவை பார்த்தபோது ஒரு நாள் போயிற்று. எந்தச் சொல் வந்தால் எந்த டேக் என்று சொல்லும் குறிச்சொல் பட்டியலை எக்செலில் வைத்து யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்தால், கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். பிஓஎம் என்பார்கள். அது முதல் சொல்லோடு சேர்ந்துகொள்வதால் அந்தச் சொல் எதோடும் பொருந்தாது, மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடும். சரிபார்க்க ஒரே வழி: முதல் வரியையும் இரண்டாவது வரியையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். கோளாறும் இடம் மாறினால் பிஓஎம்தான். படிக்கும்போது அதை நீக்கிவிட்டுப் படிக்கும் வகையில் குறியீட்டின் பெயரை மாற்றினால் போதும்.

### கண்ணுக்கு ஒரே சொல், ஆனால் பொருந்தவில்லை

பட்டியலில் ‘கொடு’ இருக்கிறது, மெசேஜிலும் ‘கொடு’ இருக்கிறது, ஆனாலும் டேக் இல்லை. இரண்டின் நீளத்தையும் அச்சடித்துப் பாருங்கள். ஒன்று நான்கு என்றும் மற்றது ஐந்து என்றும் வந்தால், ‘கொ’ இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி, மற்றதில் கொம்பு தனி, கால் தனி. திரையில் வித்தியாசமே தெரியாது. மெசேஜ், பட்டியல் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றினால் தீர்ந்தது. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். நான் மறந்திருக்கிறேன்.

என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. ‘கௌரவம்’ என்பதை ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ எழுத்தைப் போட்டு ‘கெளரவம்’ என்று அடிப்பவர்கள் ஏராளம். கண் ஏமாறும், கணினி ஏமாறாது. அது முறைப்படியே வேறு எழுத்து என்பதால் நீங்களே ஒரு மாற்று விதி எழுத வேண்டும். ‘ஸ்ரீ’யும் அப்படியே. 2005ல் யூனிகோடில் தனி ‘ஶ’ சேர்ந்த பிறகு, ஒரே தோற்றத்துக்கு இரண்டு குறியீட்டு வரிசை ஆகிவிட்டது. அப்புறம், வேறு இடத்திலிருந்து ஒட்டிய மெசேஜ்களில் அகலமே இல்லாத இணைப்புக் குறிகள் நடுவில் ஒளிந்திருக்கும். சுத்தம் செய்யும் படியிலேயே அவற்றை நீக்குங்கள்.

### நீளமான மெசேஜுக்கு மட்டும் விழவில்லை

இங்கிலீஷ் எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். தமிழ் எழுத்து ஒன்று வந்துவிட்டாலே 70 ஆகிவிடும். அதுவும் பல துண்டாகப் போனால் துண்டுக்கு 67. இந்தக் கணக்கில் எண்ணப்படுவது நாம் எண்ணும் எழுத்து அல்ல. ‘மின்சாரம்’ நமக்கு ஐந்து எழுத்து, அங்கே ஒன்பது இடம். ஆகவே தமிழ் மெசேஜ் சீக்கிரமே உடையும், உடையும் இடத்தில் உங்கள் குறிச்சொல் இருந்தால் அதுவும் உடையும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு பொது எண், மொத்தத் துண்டுகள், இது எத்தனையாவது என்ற விவரம் வரும். அவற்றைக் கோத்து முழு மெசேஜ் ஆக்கிய பிறகே டேகிங்குக்கு அனுப்புங்கள். கேட்வே கோத்துத் தருவதாகச் சொன்னாலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மெசேஜ் ஒரு எமோஜியோடு சட்டென்று நின்றுபோகிறதா? மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் பழைய ‘யூடிஎஃப்8’ அமைப்பு ஒரு எழுத்துக்கு மூன்று பைட்தான் தாங்கும். தமிழ் எழுத்துக்கு மூன்று போதும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. எமோஜிக்கு நான்கு வேண்டும். கட்டுப்பாடு தளர்ந்த அமைப்பில் எமோஜியிலிருந்து அந்தப் பக்கம் எல்லாம் சத்தமில்லாமல் வெட்டப்படும். ‘யூடிஎஃப்8எம்பி4’க்கு மாற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய அட்டவணையில் இதை நீங்களே முயல வேண்டாம். தரவுத்தளம் தெரிந்தவரைக் கூப்பிடும் இடம் இது.

## அறிகுறி 2: டேக் என்று அரைகுறைத் துண்டுகள் வருகின்றன

‘மின்சாரம் இல்லை’ என்ற மெசேஜுக்கு ‘ரம’, ‘இல’ என்று இரண்டு டேக். பார்ப்பவர் சிரிப்பார், பராமரிப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

காரணம் எளிது. பைத்தான் நிரல்மொழியோடு வரும், எழுத்து வரிசைகளைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கருவியில் ‘சொல்லெழுத்து’ என்ற வகைக்குள் புள்ளியும் கொம்பும் காலும் அடங்காது. அவற்றைக் கண்ட இடத்தில் சொல் முடிந்தது என்று வெட்டிவிடும். ‘மின்சாரம்’ அதன் கண்ணில் ம, ன, ச, ரம என்று நான்கு துண்டு. ‘இல்லை’ என்பது இல, ல. மாடல் பழக்க உதவும் சைகிட்-லேர்ன் நூலகத்தின் சொல் எண்ணும் கருவிகள் இயல்பாகவே இரண்டு எழுத்துக்குக் குறைந்த துண்டைக் குப்பையில் போடும். மிஞ்சியது ரம, இல. இந்தத் துண்டுகளை வைத்து மாடல் பழக்கினாலும் ஓரளவு வேலை செய்யும் என்பதுதான் இதில் மோசமான விஷயம். யாரும் கவனிக்காமலே மாதக்கணக்கில் ஓடும்.

சரிபார்ப்பு: மூன்றாவது வரி, அதாவது சொற்களாகப் பிரித்த வரி. அதில் புள்ளி வைத்த எழுத்தே இல்லையென்றால் இந்தக் கோளாறு உறுதி.

தீர்வில் மூன்று படி. முதலில், இடைவெளியிலும் நிறுத்தக்குறியிலும் மட்டும் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் இதுவே போதும். போதாதென்றால் பைத்தானில் தனியாகக் கிடைக்கும் ‘ரெஜெக்ஸ்’ நூலகத்துக்கு மாறுங்கள். அது கொம்பையும் காலையும் சொல்லின் பாகமாகவே எடுத்துக்கொள்ளும். எதை மாற்றினாலும் பழைய மாடலை மீண்டும் பழக்க வேண்டும். துண்டுகளில் பழகிய மாடலுக்கு முழுச் சொல் புரியாது.

### துண்டு இல்லை, ஆனால் புள்ளிகளைக் காணோம்

‘தீர்வு’ என்று அனுப்பினால் ‘தரவு’ என்று டேக் விழுகிறதா? நீங்கள் பெர்ட் என்ற மொழி மாடலில் ‘அன்கேஸ்டு’ வகை ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைக் களையும் அதே படியில், அது எழுத்தின் மேலுள்ள ஆக்சென்ட் குறிகளையும் களையும். யூனிகோட் வகைப்பாட்டில் தமிழின் புள்ளியும் ‘ஈ’ மாத்திரைச் சுழியும் அந்தக் குறிகளோடு ஒரே வகை. ‘தீர்வு’ என்பதில் அந்தச் சுழியையும் புள்ளியையும் எடுத்துப் பாருங்கள்: தரவு. ‘நீர்’ வெறும் ‘நர’ ஆகும். அந்த வித்தியாசத்தைக் களையாத கேஸ்டு வகை மாடலுக்கு மாறுங்கள், அல்லது ஆக்சென்ட் நீக்குவதை அமைப்பில் அணையுங்கள். அணைத்தால், பழகியபோதும் அப்படியே அணைந்திருந்ததா என்றும் பாருங்கள்.

## அறிகுறி 3: சம்பந்தமே இல்லாத டேக்

இதுதான் போக்குவரத்துக் கதை. ‘ரத்து’ என்ற எழுத்து வரிசையை எங்கே கண்டாலும் டேக் போடச் சொன்னால் ‘வரத்து’, ‘சரத்து’, ‘போக்குவரத்து’ எல்லாம் ரத்தாகும்.

உடனே தோன்றும் வைத்தியம், முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் பொருத்துவது. அதைச் செய்தால் ‘ரத்தும்’, ‘ரத்துக்கு’, ‘ரத்துன்னு’ எல்லாம் கைவிட்டுப் போகும். தமிழில் சொல்லுக்கு வால் வளர்ந்துகொண்டே போகும், தலை வளராது. ஆகவே முன்பக்கத்தைப் பூட்டி, பின்பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும்: குறிச்சொல்லுக்கு முன்னால் எந்தத் தமிழ் எழுத்தும் இருக்கக் கூடாது, பின்னால் எது வந்தாலும் சரி.

முன்பக்கத்தைப் பூட்ட, ரெகுலர் எக்ஸ்பிரஷனில் உள்ள சொல் எல்லைக் குறியைப் போட்டால் போதும் என்று நினைப்போம். போதாது. ‘கடை’ என்ற குறிச்சொல்லுக்கு அப்படிப் போட்டு ஓட்டினேன், ‘சாக்கடை அடைப்பு’ என்ற புகார் எல்லாம் கடை டேக்கில் வந்து விழுந்தன. ‘க்’ மேல் உள்ள புள்ளியைச் சொல்லெழுத்தாக அது மதிக்காததால், புள்ளிக்கு அடுத்து வரும் ‘கடை’ புதுச்சொல்லின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டது. அறிகுறி 2ல் வந்த அதே கோளாறு, வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. எல்லைக் குறியை நம்பாமல், முன்னால் யூனிகோடின் தமிழ்த் தொகுதியில் உள்ள எந்தக் குறியும் இருக்கக் கூடாது என்று நேரடியாக எழுதுங்கள்.

கூட்டுச்சொற்களில் இதுவும் சறுக்கும். ‘வீட்டுக்கடன்’ என்று சேர்த்து எழுதினால் ‘கடன்’ பூட்டுக்கு வெளியே நின்றுவிடும். அதற்கென்று பூட்டைத் தளர்த்த வேண்டாம். அந்தக் கூட்டுச்சொல்லைத் தனியாகப் பட்டியலில் சேர்ப்பது மலிவு.

## அறிகுறி 4: ஒரே விஷயம், பத்து டேக்

வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டை, வீட்ல என்று ஐந்து டேக். எண்ணிக்கை எடுக்கும்போது எதுவும் மேலே வராது, ஏனென்றால் கூட்டம் ஐந்தாகப் பிரிந்துவிட்டது.

முதலில் சொற்கடைசி ஒற்றைப் பாருங்கள். ‘பணத்தைத் திருப்பி’ என்பதில் கடைசி ‘த்’ சந்திக்காக வந்தது. அடுத்த சொல் அதே வல்லெழுத்தில் தொடங்கினால் முந்தைய சொல்லின் கடைசி க், ச், த், ப் ஆகியவற்றை வெட்டலாம். ‘செக் கொடுத்தேன்’ என்பதில் ‘செக்’ வெட்டுப்பட்டு ‘செ’ ஆகும், அதனால் கடன்சொற்களுக்கு ஒரு விலக்குப் பட்டியல் வேண்டும். ஆப், பேக், செக் என்று அது சின்னதாகவே இருக்கும்.

அடுத்து பலர் ஸ்டெம்மர் தேடிப் போவார்கள், விகுதியை வெட்டி வேர்ச்சொல் எடுக்க. என் கருத்தில் குறுஞ்செய்திக்கு அது தேவையில்லாத தலைவலி. ‘பணத்து’ என்பதைப் ‘பணம்’ ஆக்க, கடைசி ‘த்து’வை ‘ம்’ ஆக்கு என்று விதி எழுதுவோம். அதே விதி ‘சொத்து’வைச் ‘சொம்’ ஆக்கும், ‘ரத்து’வை ‘ரம்’ ஆக்கும். ‘ஆற்று’ ஆறு ஆகும் விதியில் ‘காற்று’ காறு ஆகும். விலக்குப் பட்டியல் விதிகளைவிட நீளமாகிவிடும்.

நான் செய்வது தலைகீழ்: மெசேஜை வெட்டாமல் பட்டியலை விரிக்கிறேன். ‘பணம்’ என்பதற்கு இரண்டு தொடக்கம் போதும். ஒன்று, கடைசிப் புள்ளியை எடுத்த ‘பணம’. பணம், பணமும், பணமா எல்லாவற்றையும் அது பிடிக்கும். மற்றது ‘பணத்த’. பணத்தை, பணத்துக்கு, பணத்தில் எல்லாம் கணினிக்கு அந்த எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. வீட்டுக்கு ‘வீடு’, ‘வீட்ட’, பேச்சுவழக்கில் வரும் ‘வீட்ல’. ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிட வேலை. மிகச் சின்னச் சொற்களில் மட்டும் கவனம் தேவை: ‘பண’ என்று நிறுத்தினால் பணியும் பண்பும் சேர்ந்து வரும்.

பட்டியலில் சொற்கள் ஆயிரத்தைத் தாண்டினால் கையால் விரிப்பது கட்டாது. அப்போது தமிழ் இலக்கணமும் நிரல் எழுதுவதும் இரண்டும் தெரிந்த ஒருவரைப் பிடித்து, சொல்லை வேராகவும் விகுதியாகவும் பிரிக்கும் உருபன் பகுப்பி அமைப்பதுதான் வழி. இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்தால் மேலே சொன்ன ‘சொம்’தான் கிடைக்கும்.

## அறிகுறி 5: அர்த்தம் தலைகீழாகிறது

‘பணம் வரவில்லை’ என்ற மெசேஜுக்கு ‘பணம் வந்தது’ என்று டேக். இருப்பதிலேயே அதிகம் சேதம் செய்யும் கோளாறு இது. மற்றவற்றில் டேக் தவறும், இதில் டேக் பொய் சொல்லும்.

மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது, நிறுத்தச்சொல் பட்டியல். முக்கியமில்லாத சொற்கள் என்று ஆங்காங்கே கிடைக்கும் பட்டியல்களில் ‘இல்லை’யும் இருக்கும். அதை வெளியே எடுங்கள். கூடவே வேண்டாம், கூடாது, முடியாது, மாட்டேன் என்பவை இருந்தாலும் எடுங்கள்.

இரண்டாவது, விகுதி வெட்டுதல். ‘வரவில்லை’, ‘வராது’, ‘வராமல்’ எல்லாம் வெட்டுப்பட்டு ‘வர’ ஆகிவிட்டால் மறுப்பு போயே போய்விட்டது. தமிழில் ‘இல்லை’ வினையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை மறந்து எழுதிய விதிகளில் இது தவறாமல் நடக்கும். இன்னொரு நுணுக்கம்: ‘வரவில்லை’க்குள் ‘இல்லை’ என்று தேடினால் கிடைக்காது. உயிரெழுத்து ‘இ’ அங்கே இல்லை, ‘வி’யின் சுழியாக மாறிவிட்டது. ‘ல்லை’ என்ற வாலைத் தேடலாமே என்றால் எல்லை, தொல்லை, முல்லை எல்லாம் மறுப்பாகிவிடும். நான் வைத்திருப்பது: தனிச்சொல்லாக ‘இல்லை’, வினையோடு ஒட்டிய ‘வில்லை’, பேச்சில் வரும் வரல, வரலை, கிடைக்கல போன்ற வடிவங்கள், அப்புறம் ‘காணோம்’. ‘பரவாயில்லை’யை விலக்கில் போடுங்கள். அது மறுப்பே இல்லை, சில நேரம் பாராட்டு.

மூன்றாவது, மறுப்பின் வீச்சு எந்தத் திசையில் பார்க்கிறது என்பது. இங்கிலீஷுக்கு எழுதிய கருவிகள் மறுப்புச் சொல்லுக்குப் பின்னால் வருவதையெல்லாம் மறுப்பாகக் குறிக்கும். என்எல்டிகே என்ற பைத்தான் நூலகத்தில் உள்ள மறுப்புக் குறிப்பான் அப்படித்தான். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘ரசீது வந்தது பணம் வரவில்லை நாளை வருகிறேன்’ என்று நிறுத்தக்குறியே இல்லாமல் வந்த மெசேஜில், அந்தக் கருவி நாளை வருவதை மறுக்கும். திசையைத் திருப்பி, மறுப்புக்கு முன்னால் உள்ள ஓரிரு சொல்லோடு நிறுத்துங்கள்.

இந்த மூன்றையும் சரிசெய்த பிறகும் தப்பு தொடர்ந்தால், அந்த டேக்கைத் தானாக எந்த நடவடிக்கையோடும் இணைக்காதீர்கள். மனிதர் ஒருவர் பார்த்த பிறகே போகட்டும். மறுப்பைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஒரு மாடலைப் பழக்குவது தனி வேலை, அதற்கு மொழிக்கணிமை தெரிந்தவர் வேண்டும்.

## அறிகுறி 6: இங்கிலீஷ் எழுத்தில் வந்த தமிழுக்கு டேக் இல்லை

மெசேஜைத் தமிழில் நினைத்து இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பவர்கள் நிறைய. ‘ழ’வுக்கு ஒருவர் இசட்டும் எச்சும் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். நெடிலுக்கு ஒருவர் இரண்டு ‘ஏ’, இன்னொருவர் ஒன்று. எழுத்துக்கூட்டல் என்று ஒன்றே கிடையாது.

முதல் சோதனை, மொழி கண்டுபிடிக்கும் படி. ஃபாஸ்ட்டெக்ஸ்டின் மொழியறி மாடல் 176 மொழிகளை அடையாளம் காணும், ஆனால் நான்கு சொல் மெசேஜ் இங்கிலீஷ் எழுத்தில் வந்தால் ஏதாவது தூரத்து மொழியின் பெயரைச் சொல்லும். அந்தப் பதிலை நம்பி மெசேஜைத் தூக்கிப்போடும் விதி உங்களிடம் இருந்தால் அதை முதலில் எடுங்கள். பல நேரம் கோளாறு அதோடு முடிந்துவிடும்.

அடுத்தது, இரட்டை எழுத்தை ஒற்றையாக்கி, ‘ழ’ வகை எழுத்தெல்லாம் ஒன்றாக்கி, மெசேஜையும் பட்டியலையும் ஒரே அச்சில் வார்ப்பது. இதில் மோதல் வரும். ‘மண்’ என்று நினைத்து அடித்தால் இங்கிலீஷில் ஆண், ‘பெண்’ என்று அடித்தால் பேனா. இப்படிப்பட்ட சொற்களுக்குப் பக்கத்தில் இன்னொரு தமிழ்ச்சொல் இருந்தால் மட்டும் டேக் போடும்படி வையுங்கள். இதற்கும் மேலே போக வேண்டுமென்றால் முரில் மாதிரி, இந்திய மொழிகளை இங்கிலீஷ் எழுத்திலும் சேர்த்துப் படித்துப் பழகிய மாடல் தேவைப்படும். அதை உங்கள் மெசேஜ்களில் பழக்குவது செலவான வேலை. தமிழ் எழுத்தில் வரும் மெசேஜ்களே சரியாக ஓடாதபோது இதில் இறங்க வேண்டாம்.

## அறிகுறி 7: எழுத்துப்பிழையும் ஆள் பெயரும் முக்கியச் சொல்லாகின்றன

பட்டியல் எதுவும் வைக்காமல், முக்கியச் சொல்லை நீயே கண்டுபிடி என்று விட்ட இடங்களில் இது வரும். டிஎஃப்-ஐடிஎஃப் முறை, ஒரு கோப்பில் அடிக்கடி வந்து மற்றவற்றில் அரிதாக வரும் சொல்லைத் தூக்கிப் பிடிக்கும். எட்டுச் சொல் மெசேஜில் எந்தச் சொல்லும் ஒரு தடவைதான் வரும். மிஞ்சுவது அரிதானது என்ற தகுதி மட்டும். எழுத்துப்பிழையைவிட அரிதானது எது?

சரி, வேறு முறை பார்க்கலாம் என்றால், ‘ரேக்’ என்ற முறை நிறுத்தச்சொற்களை வேலியாக வைத்துச் சொற்றொடர்களைப் பிரிக்கும். தமிழில் அந்த வேலை பெரும்பாலும் வேற்றுமை உருபுகள் செய்வது, அவை தனிச்சொல்லாக நிற்பதில்லை. வேலி இல்லாமல் முழு மெசேஜும் ஒரே சொற்றொடர் ஆகிவிடும். ‘யேக்’ என்ற இன்னொரு முறை இங்கிலீஷின் பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு மதிப்பு கூட்டும். தமிழில் பெரிய எழுத்தே கிடையாது.

முதலில் எண்கள், போன் எண்கள், ஒருமுறைக் கடவு எண்கள் எல்லாவற்றையும் ஒரு பொதுக்குறியால் மறையுங்கள். டேக் சரியாக வருவதற்காக மட்டும் இல்லை, ஒருவரின் போன் எண் டேக்காக எல்லோர் கண்ணிலும் படக் கூடாது என்பதற்காகவும். அப்புறம், ஐந்து வெவ்வேறு அனுப்புநரிடமிருந்தாவது வராத சொல் டேக் ஆகக் கூடாது என்று ஒரு தடுப்பு வையுங்கள். பெரும்பாலான குப்பை இதில் நின்றுவிடும். அதற்கும் மேல் வேண்டுமென்றால், தானாகக் கண்டுபிடித்ததை நேரே டேக் ஆக்காமல் வாரம் ஒருமுறை பார்த்துப் பட்டியலில் சேர்க்கும் பரிந்துரையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

## அறிகுறி 8: எல்லாமே ‘மற்றவை’

பழக்கிய மாடல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது.

- இரண்டு விஷயம் பேசும் மெசேஜுக்கு ஒரே டேக் விழுகிறதா? மாடலின் கடைசி அடுக்கில், ஒரே மதிப்பெண்ணை எல்லா டேக்குக்கும் பங்குபோடும் சாஃப்ட்மேக்ஸ் இருக்கும், டேக்குகள் ஒன்றோடொன்று போட்டி போடும். ஒவ்வொரு டேக்குக்கும் தனித்தனியாக ஆம், இல்லை சொல்லும் சிக்மாய்டுக்கு மாற்ற வேண்டும்.
- அரிதான டேக் விழவே இல்லையா? எல்லா டேக்குக்கும் ஒரே வாசல் மதிப்பு, அதாவது டேக் விழ எட்ட வேண்டிய மதிப்பெண், 0.5 என்று இருக்கும். டேக்குக்குத் தனியாக அதை இறக்கிப் பாருங்கள்.
- அதன் பிறகும் இல்லையென்றால், அந்த டேக்குக்குப் பழக்கிய உதாரணங்களை எண்ணிப் பாருங்கள். பத்து, பதினைந்துதான் இருக்கும்.

உதாரணம் சேர்க்கும் முன் ஒரு சோதனை. இருநூறு மெசேஜை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து டேக் போடச் சொல்லுங்கள், பேசிக்கொள்ளக் கூடாது. ‘புகார்’, ‘கோரிக்கை’ இரண்டுக்கும் நடுவில் அவர்களே அடிக்கடி முரண்பட்டால், மாடல் எதைக் கற்கும்? டேக்குகளின் வரையறையைத் திருத்தி எழுதுங்கள், அல்லது இரண்டையும் ஒன்றாக்குங்கள். இருவரும் ஒத்துப்போன பிறகும் மாடல் தடுமாறினால் மட்டும் வல்லுநரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் கூப்பிட்டால், அவரும் வந்து இதே சோதனையைத்தான் செய்வார்.

## அறிகுறி 9: ஒரே மெசேஜ், ஓட்டும்போதெல்லாம் வேறு டேக்

பெரிய மொழி மாடலிடம் ‘டேக் போடு’ என்று மட்டும் சொன்னால் இன்று ‘கட்டணம்’, நாளை ‘கட்டணப் பிரச்சினை’, மறுநாள் ‘பில்’ என்று சொல்லும். பதில் எவ்வளவு மாறலாம் என்பதைக் கூட்டிக் குறைக்கும் டெம்பரேச்சரை 0 ஆக்குங்கள். அனுமதித்த டேக்குகளின் பட்டியலைக் கேள்வியிலேயே கொடுங்கள். திரும்பி வரும் பதிலைப் பட்டியலோடு ஒப்பிட்டு, இல்லாததை நிராகரியுங்கள். மூன்றாவதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

## அறிகுறி 10: நேற்று வரை சரியாக இருந்தது

யார் எதை மாற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் எப்போதும் ‘ஒன்றும் மாற்றவில்லை’ என்றுதான் வரும், ஆகவே நூலகங்களின் பதிப்பு எண்ணை நீங்களே பாருங்கள். ஒரு பதிப்பில் சேமித்த மாடலை இன்னொரு பதிப்பில் திறந்தால் சைகிட்-லேர்ன் எச்சரிக்கை தரும், அந்த எச்சரிக்கை யாரும் திறக்காத பதிவுக் கோப்பில் தூங்கும்.

பதிப்பு மாறவில்லையென்றால், பழக்கும்போது ஓடும் சுத்தப்படுத்தும் நிரலும் நேரலையில் ஓடுவதும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே மெசேஜை இரண்டிலும் விட்டு, இரண்டாவது வரியை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இரண்டு இடத்திலும் தனித்தனியாக நிரல் எழுதி வைத்திருந்தால் இன்றில்லாவிட்டால் நாளை பிரியும். ஒரே நிரலை இரண்டு இடமும் அழைக்கும்படி மாற்றுங்கள்.

அதுவும் சரியென்றால் மெசேஜ்கள்தான் மாறியிருக்கின்றன. எந்த டேக்கும் விழாதவற்றில் புதிதாக அடிக்கடி வரும் சொற்களைப் பட்டியல் எடுங்கள். தானியங்கியாக மெசேஜ் அனுப்பும் யாராவது வாசகத்தை மாற்றியிருப்பார்கள், அல்லது புதுச்சொல் ஒன்று புழக்கத்துக்கு வந்திருக்கும். அதைப் பட்டியலில் சேர்த்து, முதலில் எடுத்து வைத்த ஐம்பது மெசேஜையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். அந்த ஐம்பதை அழித்துவிடாமல் வைத்திருந்தீர்கள்தானே?